தோளில் சுமக்க வேண்டியவை

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



கடந்த செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஞாயிறு திருப்பலிகளை உதவிப் பங்குத்தந்தையிடம் ஒப்படைத்துவிட்டு, திருச்சி பொன்மலைக்குப் பேருந்து ஏறினேன். அங்கே ரயில்வே குடியிருப்பில் என் அக்காவின் குடும்பம் 28 ஆண்டுகளாக வாழ்ந்து வந்தது. அத்தான் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றபின் நான்கு மாதங்கள் வழக்கமான வாடகையில் குடியிருக்கலாம். அந்தக் கெடு செப்டம்பரோடு முடிகிறது. வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தாக வேண்டும். அத்தானுடைய சொந்த ஊர் புள்ளம்பாடிப் பக்கம். அங்கே அவர் சிறியதாக ஒரு வீடு கட்டியிருக்கிறார். வீடு மாற்ற உதவி செய்யத்தான் நான் போனேன்.

பொன்மலையே ஓர் இடமாற்றத்தால் வளர்ந்த ஊர்தான். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928-இல் பொன்மலைக்கு மாற்றப்பட்டது. அன்றிலிருந்து அந்தக் குடியிருப்பில் வந்து சேராத ஊர்க்காரர் இல்லை; நிரந்தரமாகத் தங்கியவரும் இல்லை. வேலை இருக்கும் வரை வீடு. வேலை முடிந்தால் அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். அங்கு வாழ்கிற எல்லாருக்கும் இது முதல் நாளிலிருந்தே தெரியும். ஆனாலும் புறப்படுகிற நாள் வரும்போது, ஏதோ புதிதாகக் கேள்விப்பட்டதுபோல மனம் அதிர்ந்துதான் போகிறது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே வேலையைத் தொடங்கினேன். நான் கொஞ்சம் வேகமான ஆள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டினேன். பீரோவைக் காலி செய்தேன். கட்டிலைக் கழற்றினேன். குட்டி யானை வண்டி ஒன்றுதான் பேசியிருந்தோம். இரண்டு நடையில் எல்லாம் போய்ச் சேர வேண்டும். ஆகவே எது வேண்டும், எது வேண்டாம் என்று நானே பிரிக்க ஆரம்பித்தேன். உடைந்த நாற்காலி, துருப்பிடித்த தண்ணீர் டிரம், ஓடாத மின்விசிறி என்று எல்லாவற்றையும் வாசலில் போட்டேன். தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தார். கொல்லைப்புறத்தில் சாக்குப் போட்டு மூடியிருந்த ஒரு சின்னப் பிள்ளையின் சைக்கிளையும் எடுத்துக் கொடுத்தேன். பின்சக்கரம் இல்லை, இருக்கை கிழிந்திருந்தது. அதற்கு மட்டும் நாற்பது ரூபாய் கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஓர் இடம் மிச்சமானது என்று எனக்குத் திருப்தி.

சற்று நேரத்தில் அக்கா கொல்லைப்புறத்துக்குப் போனார். திரும்பி வந்து என்னிடம், "தம்பி, இங்க ஒரு சைக்கிள் இருந்துச்சே?" என்று கேட்டார். நான் சொன்னேன். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஏழு வயதில் காய்ச்சலில் இறந்துபோனான். 21 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சைக்கிள் அவனுடையது. அவன் இறந்தபோது நான் வெளிமாநிலத்தில் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தகவல் கிடைத்து ரயில் பிடித்து நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அந்தச் சின்னப் பெட்டியைச் சுமந்தவர்களில் நான் இல்லை. அந்தச் சைக்கிளை அவன் ஓட்டிப் பார்த்தவனும் இல்லை. எனக்கு அது பின்சக்கரம் இல்லாத பழைய இரும்பு. அக்காவுக்கு அது மகன்.

பக்கத்து வீட்டில் அத்தானோடு பணிமனையில் வேலை செய்கிற பாய் ஒருவர் இருக்கிறார். அக்கா ஓடுவதைப் பார்த்தவர், தன் வண்டியை எடுத்துக்கொண்டு இரும்புக்காரரைத் தேடிப் போனார். அரை மணி நேரம் கழித்துச் சைக்கிளோடு வந்தார். "எவ்வளவு கொடுத்தீங்க பாய்?" என்று கேட்டேன். "நாற்பதுதான் ஃபாதர். என்ன சைக்கிள்னு சொன்னேன். அதுக்குமேல வாங்கமாட்டேன்னுட்டார்" என்றார். என் பையில் இருந்த நாற்பது ரூபாயை எடுத்து அவரிடம் கொடுத்தபோது எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. பிறகு அத்தான் சொல்லித்தான் தெரிந்தது, 21 ஆண்டுகளுக்குமுன் அந்தப் பெட்டியைக் கல்லறை வரை தோளில் சுமந்தவர்களில் பாயும் ஒருவர் என்று.

அன்பார்ந்தவர்களே, விவிலியத்தில் வீடு மாற்றுவதைப் பற்றிய ஒரு பகுதி உண்டு. எண்ணிக்கை நூல் ஏழாம் அதிகாரம். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குப் போகும்போது, ஆண்டவரின் கூடாரத்தையும் கழற்றிக் கொண்டுபோக வேண்டும். அதற்காகத் தலைவர்கள் ஆறு வண்டிகளையும் பன்னிரண்டு மாடுகளையும் காணிக்கையாகக் கொண்டுவருகிறார்கள். மோசே அவற்றை லேவியரிடையே பங்கிடுகிறார். திரைகளையும் துணிகளையும் கொண்டுபோகும் கேர்சோன் வழியினருக்கு இரண்டு வண்டிகள். சட்டங்கள், தூண்கள் என்று கனமான பொருள்களைக் கொண்டுபோகும் மெராரி வழியினருக்கு நான்கு வண்டிகள். மூன்றாவதாகக் கோகாத்து வழியினர். அவர்களுக்கு மோசே ஒரு வண்டிகூடக் கொடுக்கவில்லை.

ஏன்? அவர்கள் மேல் மோசேக்குக் கோபமா? இல்லை. உடன்படிக்கைப் பேழையும் மற்றத் தூய பொருள்களும் அவர்கள் பொறுப்பில் இருந்தன. அவற்றைத் தோளில்தான் சுமக்க வேண்டும் என்று விவிலியம் காரணம் சொல்கிறது. பிற்காலத்தில் தாவீது அரசர் பேழையைப் புதிய வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு வரப் பார்த்தார். மாடுகள் இடறின. அந்தப் பயணம் துயரத்தில் முடிந்தது. சாமுவேல் இரண்டாம் நூலில் அதை வாசிக்கிறோம்.

ஒவ்வொரு வீட்டிலும் வண்டியில் ஏற்ற வேண்டியவை உண்டு. தோளில் சுமக்க வேண்டியவையும் உண்டு. பீரோவும் கிரைண்டரும் வண்டியில் போகட்டும். ஆனால் ஒரு தாயின் துக்கத்தை எந்த வண்டியிலும் ஏற்ற முடியாது. கூலி கொடுத்தும் அதை அனுப்ப முடியாது. என் தவறு இதுதான்: இரண்டையும் ஒரே தராசில் எடை போட்டேன். உதவி செய்ய வந்த நான், எதைச் சுமக்கட்டும் என்று கேட்கவே இல்லை. நான் பாட்டுக்கு எடுத்துப் போட்டேன்.

அன்று மாலை முதல் நடைச் சாமான்கள் போனபின், அக்கா கல்லறைக்குப் போக வேண்டும் என்றார். நானும் அத்தானும் போனோம். பாயும் வந்தார். அந்தச் சின்னக் கல்லறையின் தலைமாட்டில் அக்கா ஒரு செம்பருத்தி வைத்து வளர்த்திருக்கிறார். செபித்தோம். பிறகு அக்கா சொன்னார்: "வீட்டுல இருக்கறதெல்லாம் வண்டியில வந்துடும் தம்பி. இவன் மட்டும் இங்கதானே கிடப்பான். இவனை யாரு பார்த்துக்குவா?"

நான் குரு. என்னிடம் பதில் இருந்தது. உயிர்ப்பைப் பற்றிப் பேசினேன். அவன் மண்ணில் இல்லை, ஆண்டவரின் கரங்களில் இருக்கிறான் என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். முடிந்தபின் சொன்னார்: "அது எனக்குத் தெரியும் தம்பி. அந்த நம்பிக்கையிலதான் இத்தனை வருஷம் இருக்கேன். நான் கேட்டது, செடிக்கு யாரு தண்ணி ஊத்துவாங்கன்னு."

எனக்குப் பேச்சு வரவில்லை. பாய்தான் பேசினார். "தங்கச்சி, எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு இந்தப் பக்கமாத்தான் வர்றேன். ஒரு குடம் தண்ணி ஊத்த மாட்டேனா?" என்றார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த இரண்டு நாளில் அவர் அழுதது அப்போதுதான்.

நான் சொன்ன பதில் தவறல்ல, நேயர்களே. அது திருச்சபையின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் நாம் ஒன்றுமில்லை. ஆனால் அதை நான் அக்காவின் தோள்மேல் இன்னொரு சுமையாகத்தான் வைத்தேன். பாய் அவருடைய சுமையின் மறு முனைக்குத் தோள் கொடுத்தார்.

விடுதலைப் பயண நூலில் பேழையைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. பேழையைச் சுமக்கும் தண்டுகள் அதன் வளையங்களிலேயே இருக்க வேண்டும். அவற்றைக் கழற்றக் கூடாது. அதாவது, பேழை ஓரிடத்தில் தங்கியிருக்கும்போதும் புறப்படுவதற்குத் தயாராகவே இருக்கிறது. நம் கடவுள் மக்களோடு புறப்பட்டு வருகிற கடவுள். பொன்மலையில் இருந்த ஆண்டவர் புள்ளம்பாடிக்கும் வருகிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். தண்டில் சுமக்கிற சுமையை ஒருவர் தனியாகச் சுமக்கவே முடியாது. முன்னால் ஆள் வேண்டும், பின்னால் ஆள் வேண்டும். வண்டி இருந்தால் ஒருவரே ஓட்டிக்கொண்டு போய்விடலாம். தோளில் சுமப்பதென்றால் பக்கத்தில் ஒருவர் வேண்டும். ஒருவர் மற்றவருடைய சுமையைத் தாங்குவதே கிறிஸ்துவின் சட்டத்தை நிறைவேற்றுவது என்று தூய பவுல் கலாத்தியருக்கு எழுதியதும் இதைத்தான். ஆண்டவர் இயேசு சொன்ன உவமையிலும், காணாமற்போன ஆட்டைக் கண்டுபிடித்த ஆயர் அதைக் கயிறு கட்டி இழுத்து வருவதில்லை. தோள்மேல் போட்டுக்கொள்கிறார்.

ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் இரண்டாவது நடை. கடைசியாக, சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தை அத்தான் இறக்கினார். படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது. வெறும் வீட்டில் நின்று ஒரு பத்துமணிச் செபமாலை சொன்னோம். வண்டியில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. சைக்கிளை வைக்க இடமில்லை. "நான் வச்சுக்கறேன்" என்றேன். காவிரிப் பாலமும் கொள்ளிடப் பாலமும் கடந்து புள்ளம்பாடி வரை, வண்டியின் பின்னால் சாமான்களோடு உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டே போனேன். துரு என் அங்கியெல்லாம் ஒட்டிக்கொண்டது. 21 ஆண்டுகளுக்குமுன் நான் சுமக்காததை, அன்று கொஞ்ச தூரமாவது சுமந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்பார்ந்தவர்களே, இது நவம்பர் மாதம். இறந்த விசுவாசிகளை நினைக்கிற மாதம். யோசேப்பு எகிப்தில் இறக்கும்போது, நீங்கள் புறப்படுகிற நாளில் என் எலும்புகளையும் எடுத்துச் செல்லுங்கள் என்று சகோதரர்களிடம் ஆணை வாங்கினார். பல தலைமுறைகள் கழித்து, மக்கள் அவசர அவசரமாக எகிப்தை விட்டுப் புறப்பட்ட அந்த இரவிலும் மோசே அதை மறக்கவில்லை. அந்த எலும்புகள் பாலைநிலம் முழுவதும் அவர்களோடு வந்து, செக்கேமில் அடக்கம் செய்யப்பட்டன. நம்மால் எலும்புகளைச் சுமந்து செல்ல முடியாது. ஆனால் பெயரைச் சுமக்கலாம். திருப்பலியில் அந்தப் பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுக்கலாம். புனிதர்களின் சமூக உறவை நம்புகிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிற நமக்குத் தூரம் ஒரு தடை அல்ல.

நம் பங்குகளிலும் எத்தனையோ குடும்பங்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கின்றன. உங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், போய்ப் பாருங்கள். ஊரை விட்டுப் போன ஒரு குடும்பத்தின் கல்லறை புல் மண்டிக் கிடந்தால், உங்கள் வீட்டுக் கல்லறையைச் சுத்தம் செய்யும்போது அதையும் செய்து, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். யாருக்காவது உதவச் செல்லும்போது, எதையும் தூக்குவதற்குமுன், "நான் எதைச் சுமக்கட்டும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என்னைப்போல் செய்துவிடாதீர்கள்.

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு அக்காவும் அத்தானும் பேருந்தில் பொன்மலைக்குப் போயிருக்கிறார்கள். அன்றிரவு அக்கா எனக்குத் தொலைபேசியில் பேசினார். "தம்பி, செம்பருத்தி பூத்திருக்கு" என்றார்.

செபிப்போம். என்றும் வாழும் தந்தையே, இவ்வுலகில் எங்களுக்கு நிலையான வீடு இல்லை. நாங்கள் புறப்படும் இடங்களிலும் போய்ச் சேரும் இடங்களிலும் நீர் எங்களோடு இரும். எங்களால் தனியாகச் சுமக்க முடியாதவற்றைச் சுமக்க எங்களுக்குத் துணைத் தோள்களைத் தாரும். நாங்களும் பிறருக்குத் தோள் கொடுக்கச் செய்யும். எங்களுக்குமுன் சென்றவர்களை உமது இல்லத்தில் சேர்த்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.