வலியை மறைக்காதீங்க, வாயைத் திறங்க

(திருக்காட்டுப்பள்ளியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் இங்கே கூச்சமில்லாமல் பேசுகிறோம். புருஷன் பொண்டாட்டி உறவில் நமக்கு இருக்கிற கஷ்டத்தை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்குங்க, காதை மட்டும் மூடிக்காதீங்க.

பிரஷர் பார்க்க வந்த ஒரு அக்கா, எல்லாரும் போன பிறகு மெதுவா சொன்னாங்க: "சேரும்போதெல்லாம் வலிக்குதும்மா. பொம்பளைன்னா இப்படித்தானேன்னு இருந்துட்டேன்." அப்படி இல்லை சகோதரிகளே. வலிக்குக் காரணம் உண்டு, வைத்தியமும் உண்டு.

நாற்றத்தோடு, அரிப்போடு வெள்ளைப்பட்டால் அது தொற்றாக இருக்கலாம். சில தொற்றுக்குப் புருஷனும் சேர்ந்து மருந்து சாப்பிடணும். இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். மாதவிடாய் நின்ற பிறகு உறுப்பு வறண்டு போய் வலிக்கும். அதற்கும் மருந்து இருக்கு. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தால் ஆசை போயிடும் என்பது தப்பு. குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். சினைப்பை அப்படியேதான் வேலை செய்யும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீங்க. உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால், உடனே டாக்டரிடம் காட்டணும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் இந்த நோய்க்கான பரிசோதனைத் திட்டத்தை 2007-ல் முன்னோடியாக ஆரம்பித்தது நம் தஞ்சாவூர் மாவட்டத்திலும் தேனியிலும்தான். அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பார்கள், சில நிமிஷ வேலை. முப்பது வயது தாண்டியவர்கள், தொந்தரவு இல்லாவிட்டாலும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்துக்கலாம்.

உடம்பு நல்லா இருந்தால் மட்டும் போதாது, மனசும் ஒப்பணும். நாள் முழுக்க நடவு நட்டு, இடுப்பு ஒடிஞ்சு வந்தவளுக்கு "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்ல உரிமை உண்டு. எது பிடிக்கும், எது வலிக்கும் என்று சொல்வதும் தப்பில்லை. நாம் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? சந்தோஷம் இரண்டு பேருக்கும் பொது. சொல்லியும் கேட்காமல் கட்டாயப்படுத்தினால், 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அதுவும் வன்முறைதான். 181-க்குப் போன் செய்யலாம்.

தனியாகப் போகக் கூச்சமா? கடன் வாங்க பேங்குக்குச் சேர்ந்துதானே போனோம்? அதே மாதிரி குழுவுக்கு நாலு பேராகச் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போங்க. அடுத்த கூட்டத்தில் எத்தனை பேர் போனீங்கன்னு கேட்பேன்!