செத்துப்போனதாகச் சொன்னது யார்?

ஷிப்டு முடித்து யூனிபாரத்தோடு வந்து பின்னால் நிற்கிற தங்கச்சிகளே! உட்காருங்கம்மா, முன்வரிசை நாற்காலியெல்லாம் வராத பிரமுகர்களுக்காகத்தான் காத்திருக்கிறது!

எந்தச் செய்தியை நம்புவது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 'மெய்ப்பொருள் காண்பது அறிவு' என்ற 423-ஆவது குறளைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். எனக்கு முன்னால் பேசியவர்கள் அந்தக் கைத்தட்டலை வாங்கிவிட்டார்கள். நான் சுங்குவார்சத்திரத்துக்கு வருகிறேன்.

2021 டிசம்பர். அங்கே ஆப்பிள் போன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். வார்டில் படுத்திருப்பவள் ஷிப்டுக்கு எப்படி வருவாள்? வரவில்லை. "எங்கே அவள்?" என்று தோழிகள் கேட்டார்கள். நம்பும்படி பதில் சொல்ல ஆளில்லை. ராத்திரிக்குள் வாட்ஸ்அப் பதில் சொல்லிவிட்டது: செத்துவிட்டார்கள்! ஆயிரம், இரண்டாயிரம் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதைப் பரப்பியதாக ஒரு யூடியூப்காரர் கைதும் ஆனார்.

யாரும் சாகவில்லை. அந்தச் செய்தி பொய்.

ஆனால் தோழர்களே, பொய்யை நம்பிய முட்டாள் பெண்கள் என்று அன்றைக்குச் சிலர் ஏசி அறையிலிருந்து எழுதினார்களே, அவர்களை நான் விடுவதாக இல்லை! பத்து நாள் கழித்து ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது, தங்குமிடமும் சாப்பாட்டுக் கூடமும் தரமாக இல்லை என்று. சாவுச் செய்தி பொய். சோற்றுப் புகார் நிஜம். இரண்டும் ஒரே போனில், ஒரே மெசேஜில் வந்தன. பிரித்துப் பார்க்கத்தான் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும். பொய்யைக் காட்டி நிஜத்தையும் குப்பையில் தள்ள நினைப்பவன் வதந்தி பரப்பியவனைவிட மோசம்!

அப்படிப் பிரிக்கக் கற்றுத்தர எங்கள் ஊர் நூலகத்தில் ஒருவர் இருந்தார். பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். பரபரப்பாக எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "யாருப்பா நேர்ல பாத்தது?" என்பார். அவ்வளவுதான் அவர் பாடத்திட்டம். அப்புறம் ஒரே நாள் வந்த இரண்டு பேப்பரைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைப்பார். ஒரே கூட்டம். ஒன்றில் மக்கள் வெள்ளம், இன்னொன்றில் காலி நாற்காலி!

அவர் இந்த மேடையில் இருந்திருக்க வேண்டும். சற்றுமுன் ஓர் அன்பர் பேசினார், திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வந்ததும் நாசா செயற்கைக்கோள் மூன்று நொடி நின்றுவிடுகிறதாம். ஐயா, யார் நேரில் பார்த்தது? நாசாவுக்கே தெரியாத விஷயம் நம் ஊர் வாட்ஸ்அப்புக்குத் தெரிந்திருக்கிறது! சுற்றுகிற செயற்கைக்கோள் நின்றால் கீழே விழும் என்று என்னைவிட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை நன்றாகச் சொல்லும். சனீஸ்வரனைக் கும்பிட நாசா சிபாரிசு எதற்கு? சரி, விடுகிறேன். அன்பர் என்னை முறைக்கிறார்.

கோயில் கதை சிரிப்போடு போகும்; 2023 மார்ச்சில் என்ன ஆயிற்று? பீகார் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. ஒன்று, வெளிமாநிலத் தொழிலாளிகள் தங்களுக்குள்ளேயே போட்ட சண்டை. இன்னொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்கள் அடித்துக்கொண்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்தது. ஒரகடத்தில் நம்மோடு டீ குடிக்கிற பையனின் அம்மா அங்கே எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருப்பாள்!

இதையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தர முடியும். 2018-லேயே கண்ணூர் கலெக்டர் அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தி வகுப்பு நடத்தினார். கேரளம் பிறகு பாடப்புத்தகத்திலேயே சேர்த்துவிட்டது. நமக்கென்ன குறைச்சல்?

தலைமையாசிரியர் அம்மா, சனிக்கிழமை ஒரு பீரியடு கொடுங்கள். இரண்டு பேப்பர், ஒரு வாட்ஸ்அப் பார்வர்டு, அந்த நூலகக்காரரின் ஒரே கேள்வி. வேறு செலவில்லை. பேப்பர் சந்தாவை, பள்ளிச் சுவரில் தங்கள் பேரை மூன்றடி உயரத்துக்கு எழுதிக்கொண்ட கம்பெனிகளிடம் கேளுங்கள். மறுத்தால் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து வாங்கித் தருகிறேன். பின்னால் நிற்கிற தங்கச்சிகளும் வருவார்கள், வருவீர்கள்தானே?