நேர்த்தெரு வீட்டிற்குப் போன அனனியா

தமஸ்குவில் அனனியா என்றொரு சீஷன் இருந்தார். நேர்த்தெருவில், யூதாவின் வீட்டில் தங்கியிருக்கும் சவுலைப் போய்ப் பார்க்கும்படி கர்த்தர் அவருக்குத் தரிசனத்தில் கட்டளையிட்டார். சவுலோ விசுவாசிகளைக் கட்டிக்கொண்டுபோக வந்தவர்! அனனியா தம் பயத்தை ஒளிக்கவில்லை, கர்த்தரிடமே சொன்னார். அதில் தவறில்லை. பிறகு எழுந்து போனார்.

அங்கே சவுல் பார்வையிழந்து, மூன்று நாள் சாப்பிடாமலும் குடிக்காமலும் ஜெபித்துக்கொண்டிருந்தார். அனனியா அவர்மேல் கைகளை வைத்து, எடுத்த எடுப்பிலேயே சகோதரன் என்று அழைத்தார். பழைய கணக்கு எதையும் கேட்கவில்லை. சவுல் பார்வையடைந்து ஞானஸ்நானம் பெற்றார், சாப்பிட்டுப் பலப்பட்டார்.

சபைக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒருவரின் முகம் ஜெபநேரத்தில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறதா? அவர் வீட்டுக் கதவைத் தட்ட இந்த வாரமே போகலாம்.

பல வருஷங்களுக்குப் பின் எருசலேமில், கோட்டைப் படிகளில் கைதியாக நின்று பேசிய பவுல், அனனியாவின் பெயரைச் சொல்ல மறக்கவில்லை.