தாய்மார் பலர், குடி ஒன்று



ஊருக்குப் போய்த் திரும்புகையில் மல்லிகைப் பதியன் ஒன்றை அவ்வூர் மண்ணோடு பெங்களூருக்குக் கொண்டுவரும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அம்மண்ணில் வேறு பயணிகளும் இருக்கலாம்.

திண்டுக்கல் மாவட்டத்தில், நத்தத்தை அடுத்துள்ளது கரந்தமலை. 2022-ஆம் ஆண்டில் அதன் அடிவாரச் சிற்றூர்களில் மஞ்சள் நிற எறும்புகள் அளவின்றிப் பெருகின. காட்டினுள் கால் வைக்க முடியவில்லை என்றும், கால்நடைகளின் கண்கள் கெட்டன என்றும் மேய்ப்போர் முறையிட்டனர். இவ்வெறும்பு கொட்டுவதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. நெடுங்கால்களோடு தாறுமாறாக ஓடுவதால் 'மஞ்சள் பைத்தியக்கார எறும்பு' எனப் பெயர் பெற்றது. நம் பெங்களூரிலுள்ள 'ஏட்ரீ' ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியலார் பிரியதர்சனன் தர்மராஜன் இதனை ஆராய்ந்தவர்.

இதன் வலிமை எதில் உள்ளது? எறும்புக் குடியின் 'அரசி' என்னும் சொல், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என்னையும் மயக்கியதுண்டு. அவள் ஆணையிடுபவள் அல்லள், முட்டையிடும் தாய். பல எறும்பினங்களில் குடிக்கு ஒரு தாயே. அவள் மடிந்தால் குடியும் நாளடைவில் அழியும். இவ்வினத்திலோ ஒரே கூட்டில் தாய்மார் பலர் பகையின்றி வாழ்கின்றனர். தென்னமெரிக்காவிலிருந்து வட அமெரிக்காவுக்குச் சென்று பரவிய செந்நெருப்பெறும்பிலும் இத்தகைய குடிகள் உண்டு.

ஆய்வாளர் ஒரு கூட்டின் எறும்பை மற்றொரு கூட்டின் எறும்போடு சேர்த்து வைத்துப் பார்ப்பர். அயலாரெனில் போர் மூளும். ஒரே குடியெனில் உணர்கொம்பால் தடவிப் பார்த்து விலகும். இவ்வாறு எல்லையின்றி இணைந்த கூடுகளே 'பெருங்குடி'. இந்துமாக் கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் 1989-இல் கண்டறியப்பட்ட பெருங்குடிகள், பின்னர்ப் பெருகிக் கோடிக்கணக்கான செந்நண்டுகளை மாய்த்தன.

மேலே மருந்து தெளித்தால் வெளியே திரியும் எறும்புகளே சாகும். மெல்லக் கொல்லும் நஞ்சு கலந்த இரை, கூட்டினுள் சென்று தாய்மார் அனைவரையும் எட்ட வேண்டும். ஒருத்தி எஞ்சினாலும் குடி மீண்டும் தழைக்கக்கூடும்.

இவ்வினத்தின் தாய் பெரும்பாலும் பறந்து சென்று குடி அமைப்பதில்லை. பணி எறும்புகள் சிலவற்றோடு நடந்துபோய் அருகிலேயே புதுக்கூடு அமைக்கிறாள். ஆகவே, மலைகளையும் கடல்களையும் இவள் தாண்டியது மரச்சரக்கிலும், மண்ணிலும், செடித்தொட்டியிலும். அதாவது நம் கைகளால். ஆய்வுக்கூடத்தாரே இத்தகைய எறும்புகளை வளர்க்கும் பெட்டியின் உட்சுவரில் வழுக்குப் பூச்சுத் தடவிக் காக்கின்றனர். விளையாட்டாகப் புட்டியில் பிடித்து வளர்க்க விரும்பும் இளைஞர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மல்லிகையைக் கொண்டுவர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிளையை மட்டும் நறுக்கிக் கொண்டுவந்து இங்குள்ள மண்ணில் நடுங்கள். அதுவும் வேர் பிடிக்கும். ஊர் மண் ஊரிலேயே இருக்கட்டும்.