மலைக்குப் போறீங்களா? இ-பாஸோடு ஒரு மஞ்சப்பையும் எடுத்துக்குங்க



விடுமுறை வந்துட்டா நம்ம செல்போனில் முதலில் தேடுற ஊர் ஊட்டியும் கொடைக்கானலும்தான். கூடவே ஒரு கேள்வியும் வருது: "நம்ம மாநிலத்துல இருக்கிற ஊருக்குப் போக எதுக்கு இ-பாஸ்?" நியாயமான கேள்விதான்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. எத்தனை வண்டி மேலே ஏறுது, மலை எத்தனையைத் தாங்கும் என்று கணக்குப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. 2025 கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. இந்த எண்ணிக்கை சீசனுக்கு ஏற்ப மாறலாம். அதனால கிளம்பும் முன் ஒருமுறை இணையதளத்தில் பார்த்துக்குங்க.

சரி, மலைக்கு என்ன ஆனா நமக்கென்ன?

மலை உச்சிப் புல்வெளியும், அதன் பள்ளங்களில் இருக்கும் சோலைக்காடும் மழைத்தண்ணியை உறிஞ்சி வச்சுக்கிட்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமா ஓடையில் விடும். குன்னூர்ப் பக்கம் இறங்கும் ஓடைகள் மேட்டுப்பாளையம் அருகே பவானி ஆற்றில் சேருது. மாயாறு பவானிசாகர் அணையில் வந்து கலக்குது. ஈரோடு மாவட்ட வயலுக்குப் பாயுறதும், கோவை, திருப்பூரில் பல வீட்டுக் குழாயில் வர்றதும் பவானித் தண்ணிதான்.

ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் குன்னூர் போனேன். பக்கத்து சீட்டில் கோபிச்செட்டிபாளையத்து அம்மா ஒருத்தங்க. பிஸ்கட் சாப்பிட்டு முடிச்சு, கவரை மடிச்சுத் தன் துணிப்பைக்குள்ளேயே வச்சாங்க. நான் பார்க்கிறதைக் கவனிச்சு, "இங்க போட்டா எங்க வாய்க்கால்லதான் வந்து நிக்கும், கண்ணு" என்றாங்க. பத்துப் பக்கம் எழுத வேண்டிய விஷயத்தை ஒரே வரியில் முடிச்சுட்டாங்க.

இன்னொரு விஷயம், கண்ணாடி பாட்டில். யானையின் பாதம் பார்க்க முரடாத் தெரியும். ஆனா அடிப்பகுதி மெத்துனு இருக்கும். உடைஞ்ச கண்ணாடி ஏறினா காயம் சீழ்பிடிச்சு, நடக்க முடியாமல் போய், உயிரே போகலாம். அதைத் தடுக்கத்தான் காலி மதுபாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்குச்சு. பாட்டிலுக்குக் கூடுதலா 10 ரூபாய் வாங்குவாங்க. காலி பாட்டிலைக் கொடுத்தா திருப்பித் தருவாங்க.

இப்போ நீங்க செய்ய வேண்டியது:

முதலில் இ-பாஸ். தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இ-பாஸ் இணையதளத்தில் செல்போன் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபி-யைப் போட்டு, வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, போகும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றை நிரப்பினால் போதும். கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டா, அது போலித் தளம் என்று புரிஞ்சுக்குங்க.

இரண்டாவது, முடிஞ்சா அரசுப் பேருந்தில் போங்க. பேருந்துப் பயணிகளுக்கு இ-பாஸே தேவையில்லை. ஒரு பேருந்தில் 50 பேர் போனா, பத்துப் பன்னிரண்டு கார் மலை ஏறாம நிக்கும்.

மூன்றாவது, வீட்டிலேயே ஸ்டீல் பாட்டிலில் தண்ணி பிடிச்சுக்குங்க. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை. நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை இருக்கு. சோதனைச் சாவடியில் பறிகொடுத்துட்டு வருத்தப்பட வேண்டாம்.

நான்காவது, ஒரு மஞ்சப்பை. கொண்டுபோன தின்பண்டத்தின் கவர், குழந்தையின் டயப்பர், எதுவானாலும் அதில் போட்டுக் கீழே கொண்டு வந்து, உங்க ஊர்த் தூய்மைப் பணியாளரிடம் தரம் பிரிச்சுக் கொடுங்க.

இ-பாஸ் உங்க வண்டியைத்தான் எண்ணும். வண்டிக்குள்ளேயிருந்து நீங்க எதை வெளியே வீசுறீங்க என்று அதுக்குத் தெரியாது. ஆனா ஓடை அதை அப்படியே கீழே கொண்டு வந்து சேர்த்துடும்.

பத்திரமாப் போய், நல்லா சுத்திப் பார்த்துட்டு வாங்க.