கூற்றும் கேட்போரும்: அமெரிக்கப் பள்ளித் தேர்வில் வரலாறு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவிதைக்கென்று கூடிய அவையில் பள்ளித் தேர்வைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அதிலும் அமெரிக்கப் பள்ளியின் வரலாற்றுத் தேர்வு. ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் உருப்போட்டு ஒப்பிக்கும் பாடம் என்று எந்த நாட்டிலும் பெயர் வாங்கிவிட்ட ஒன்று. ஆயினும் அந்தத் தேர்வில் ஒரு வினா உண்டு. அதற்கு விடையெழுதப் பழகும் பதினாறு வயது மாணவர், தமிழ்ப் புலவர்கள் ஈராயிரம் ஆண்டுகளாகச் செய்யுளிடம் கேட்டுவரும் கேள்விகளையே, தாம் அறியாமல், கேட்கப் பழகுகிறார்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் 'அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்', சுருக்கமாக ஏ.பி., என்னும் தேர்வுகளைக் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துகிறது. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரித் தரத்துப் பாடத்தை எழுதித் தேறும் வாய்ப்பு இது. 1956ஆம் ஆண்டில் தொடங்கியது. வரலாற்றில் அமெரிக்க வரலாறு, ஐரோப்பிய வரலாறு, உலக வரலாறு எனத் தனித்தனித் தேர்வுகள் உண்டு. உலக வரலாற்றுக்கான முதல் தேர்வு 2002இல்தான் நடந்தது. மூன்று மணி பதினைந்து நிமிடம். ஐம்பத்தைந்து கொள்குறி வினாக்கள், மூன்று சிறு விடைகள், ஒரு நெடுங்கட்டுரை. இவற்றுக்கு நடுவே நிற்கிறது ஆவண வினா.

ஆவண வினா என்பது இதுதான். மாணவர்முன் ஏழு ஆவணங்கள் வைக்கப்படுகின்றன. ஒரு கடிதத்தின் பகுதி, ஒரு சட்டமன்ற உரை, ஒரு கேலிச் சித்திரம், ஒரு புள்ளிவிவர அட்டவணை, ஒரு பயணியின் குறிப்பு என்று அவை எதுவாகவும் இருக்கலாம். ஒன்றோடு ஒன்று முரண்படும்; ஒன்று சொன்னதை இன்னொன்று மறுக்கும். ஒரு மணி நேரத்தில் அவற்றைப் படித்து, ஒரு கருத்தை நிறுவிக் கட்டுரை எழுத வேண்டும். 1973ஆம் ஆண்டில் அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் முதன்முதலாகப் புகுந்தது இவ்வினா. நினைவிலிருந்து கொட்டுவதை அளப்பதற்கு மாறாக, வரலாற்றாசிரியர் தம் மேசையில் செய்யும் வேலையை மாணவரையும் செய்யவைத்துப் பார்க்கலாம் என்பதே எண்ணம்.

ஆவணம் சொல்வதை எடுத்தெழுதினால் மட்டும் முழு மதிப்பெண் கிடைத்துவிடாது. சொல்பவர் எந்த நிலையில் நின்று சொல்கிறார்? யாரை நோக்கிச் சொல்கிறார்? எந்தச் சூழலில், எந்தக் காலத்தில் சொல்கிறார்? என்ன பயன் கருதிச் சொல்கிறார்? இவற்றுள் ஒன்றையேனும் எடுத்துக்கொண்டு, அது ஆவணத்தின் பொருளை எவ்வாறு மாற்றுகிறது என்று விளக்க வேண்டும்.

தொல்காப்பியம் படித்தோர்க்கு இந்த நான்கும் புதியன அல்ல. செய்யுளுக்குரிய முப்பத்து நான்கு உறுப்புகளைச் செய்யுளியல் அடுக்கும்போது கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. ஓர் அகப்பாடலைக் கையிலெடுத்ததும் தமிழ் மாணவர் கேட்கும் முதற்கேள்வி, இது யார் கூற்று என்பதே. தலைவி தோழிக்குச் சொன்னதா, தோழி தலைவிக்குச் சொன்னதா, தலைவன் கேட்கட்டும் என்று வேலிக்கு இப்பால் நின்று சொன்னதா? கூற்றை மாற்றினால் பொருளே மாறிவிடும். பாடலின் கீழே துறைக் குறிப்பு எழுதியவர் பாடிய புலவர் அல்லர், பின்வந்தவர் என்பதையும் மறக்கலாகாது. ஆவண வினாவின் ஒவ்வோர் ஆவணத்துக்கு மேலும் அதே போன்று ஒரு குறிப்பு இருக்கும்: எழுதியவர் யார், எங்கே, எந்த ஆண்டு. அந்த ஒற்றை வரியைப் படிக்கத் தெரிந்தவர்தாம் அந்தக் கட்டுரையை எழுதத் தெரிந்தவர்.

ஓர் எடுத்துக்காட்டு. அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ், 1852ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டர் நகரில் ஓர் உரையாற்றினார். அடிமைக்கு ஜூலை நான்கு என்ன பொருள் தரும் என்பதே அதன் மையம். 'டக்ளஸ் அடிமை முறையை எதிர்த்தார்' என்று எழுதும் மாணவர் ஒன்றும் எழுதவில்லை. அது யாருக்கும் தெரிந்ததே. கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் அடிமை முறையை எதிர்த்த பெண்களின் சங்கத்தார் என்பதையும், கேட்டிருந்தோர் பெரும்பாலும் அவர்பால் பரிவுகொண்ட வெள்ளையர் என்பதையும், விடுதலை நாளன்று பேசாமல் மறுநாள் பேசினார் என்பதையும் கவனிக்கும் மாணவர் வேறொன்றைக் காண்பார். பகைவரை நோக்கிய சீற்றம் அன்று அது. நண்பரைக் கூசவைக்கும் சீற்றம். அந்த விழாவை அவர் முன்னிலையில் வைத்தே பேசினார். அது கேட்போருடைய விழா, பேசுவோருடையது அன்று.

இங்கே தமிழில் சிந்திப்பவர்க்கு இன்னொன்றும் தோன்றும். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பு தன்மைப் பன்மைச் சொல் ஒன்றோடு தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பன்மை கேட்பவரை உள்ளடக்குகிறதா, விலக்குகிறதா என்பது தெரியாது. தமிழில் பெயர்க்க முனைபவர் 'நாம்' என்பதா 'நாங்கள்' என்பதா என்று முடிவு செய்தே ஆகவேண்டும். அதே அரசமைப்பு, மாநிலங்களின் மக்கள் தொகையைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது. 'நாம்' என்று எழுதினால் அடிமையும் அதில் இருப்பதாகப் பொருள் வந்துவிடும். 'நாங்கள்' என்று எழுதினால் உண்மை வெளிப்பட்டுவிடும். டக்ளஸின் உரை முழுவதுமே இந்த இரண்டு சொற்களுக்கு இடைப்பட்ட வெளியில் நிகழ்கிறது எனலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல கேள்விகளைத் தேர்வு விழுங்கிவிடும். அந்த நான்கு கேள்விகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹிப்' என்றொரு சொல்லாக்கி, நினைவு வாய்பாடாக மாணவர்க்குக் கற்பிக்கிறார்கள். 'இவர் வணிகர், ஆகவே வணிகத்தைப் புகழ்கிறார்' என்ற அச்சில் வார்த்த வாக்கியங்கள் ஆயிரக்கணக்கான விடைத்தாள்களில் ஒன்றுபோல் வந்து விழுகின்றன. ஆவணக் கட்டுரைக்கு ஏழு புள்ளிகள். அவை எதெதற்கு என்ற பட்டியல் மாணவர் கையிலேயே இருக்கிறது. பாடலைப் படிக்காமலே 'தலைவி கூற்று, பாலைத் திணை' என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்த தமிழ் மாணவர் கூட்டத்துக்கு இது வியப்பாக இராது.

ஆவணங்களைப் படிக்கும் முறை ஒருபுறம் இருக்க, எந்தக் காலத்து ஆவணங்களைப் படிப்பது என்ற சிக்கலும் உண்டு. வரலாறு எந்த ஆண்டில் தொடங்குகிறது? அமெரிக்க வரலாற்றுப் பாடத்தின் முதற்பகுதி 1491இல் தொடங்கி 1607இல் முடிகிறது. 1607 ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தின் ஆண்டு. 1491இல் என்ன நடந்தது? கொலம்பஸ் வரவில்லை. அதுவே அந்த ஆண்டின் சிறப்பு. ஐரோப்பியக் கப்பல் வருவதற்கு முன் அந்த நிலத்தில் மக்கள் வாழ்ந்தார்கள், பயிரிட்டார்கள், ஊர் அமைத்தார்கள் என்பதற்குத் தரப்பட்ட ஓராண்டு இடம் அது.

உலக வரலாற்றில் இது பெரும் சண்டையாகவே மூண்டது. பத்தாயிரம் ஆண்டுகளை ஒரு கல்வியாண்டில் நடத்த முடியவில்லை என்பது ஆசிரியர்களின் நெடுநாள் முறையீடு. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் காலேஜ் போர்டு, இனித் தேர்வு கி.பி. 1450இலிருந்து தொடங்கும் என்று அறிவித்தது. ஆசிரியரும் மாணவரும் கொதித்தெழுந்தனர். 1450இல் தொடங்கினால் ஐரோப்பியர் கடலேறும் காட்சியோடு திரை விலகும். ஆப்பிரிக்காவும் ஆசியாவும் அமெரிக்கப் பழங்குடிகளும் அடிமைப்படுவதற்கென்றே மேடைக்கு வருவார்கள் என்றனர். அவ்வாண்டு ஜூலையில் முடிவு மாறியது. 1200 என்று நின்றது. 2019–20 கல்வியாண்டிலிருந்து அந்த ஆண்டே தொடக்கம்.

அந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் மங்கோலியப் பேரரசு வந்து சேர்ந்தது. 1324இல் மெக்கா சென்ற மாலி நாட்டு மன்னர் மான்சா மூசா வந்து சேர்ந்தார். மதுரைச் சுல்தானின் அவை வரை வந்துபோன இபின் பதூதா வந்து சேர்ந்தார். விசயநகரத்துக்கும் இந்தியப் பெருங்கடல் வணிகத்துக்கும் இடம் கிடைத்தது. 1025இல் ஸ்ரீவிஜயத்தின்மேல் சென்ற இராசேந்திர சோழனின் கப்பற்படைக்குக் கிடைக்கவில்லை. பக்தி இயக்கம் எடுத்துக்காட்டாகப் பாடத்தில் இடம்பெறுகிறது; ஆனால் அதைத் தொடங்கிவைத்த ஆழ்வார்களும் நாயன்மார்களும் கோட்டுக்கு அப்பால் நின்றுவிட்டார்கள். இதைக் குறையென்று கூவுவதில் பயனில்லை. எங்கே கோடு போட்டாலும் யாரோ வெளியே நிற்பர். போட்டவர் யார், ஏன் அங்கே போட்டார் என்று கேட்கும் அறிவு மாணவர்க்கு வாய்த்ததே பெரிது.

வாய்த்தது என்பதற்கு 2014ஆம் ஆண்டு நிகழ்ச்சியே சான்று. அவ்வாண்டு அமெரிக்க வரலாற்றுப் பாடத்திட்டம் புதுக்கப்பட்டபோது, அது நாட்டின் குறைகளையே பெரிதுபடுத்துகிறது என்று குடியரசுக் கட்சியின் தேசியக் குழு தீர்மானம் இயற்றியது. கொலராடோ மாநிலத்தின் ஜெபர்சன் கவுண்டியில், நாட்டுப்பற்றை வளர்க்கும் வகையிலும் சட்ட மறுப்பை ஊக்குவிக்காத வகையிலும் பாடம் இருக்கிறதா என்று ஆராய ஒரு குழு வேண்டும் என்ற முன்மொழிவு பள்ளி வாரியத்தில் எழுந்தது. செப்டம்பரில் நூற்றுக்கணக்கான மாணவர் வகுப்பை விட்டு வெளியேறித் தெருவில் நின்றனர். சட்ட மறுப்பைப் பற்றிய பாடத்தைக் காக்க மறுப்பையே கைக்கொண்டனர். மறு ஆண்டு காலேஜ் போர்டு பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதியது. அதே 2015 நவம்பரில் அந்த வாரியத்தின் உறுப்பினர் மூவரை வாக்காளர் திரும்ப அழைத்துக்கொண்டனர்.

இனி, எச்சம். தொல்காப்பியம் சொன்ன செய்யுள் உறுப்புகளில் எச்சமும் ஒன்று. சொல்லாமல் விட்டதும் செய்யுளின் பகுதியே. உலக வரலாற்றுத் தேர்வின் முதற்காலத்து ஆவண வினாவில் அதற்கும் ஒரு புள்ளி இருந்தது. கொடுத்த ஆவணங்களைப் படித்து முடித்தபின், இவற்றுள் இல்லாத யாருடைய குரல் வேண்டும், ஏன் வேண்டும் என்று மாணவர் எழுத வேண்டும். பின்னர் மதிப்பெண் முறையைத் திருத்தியபோது அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்க வேண்டாம்.

2003ஆம் ஆண்டு அந்தத் தேர்வின் ஆவண வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நடந்த ஒப்பந்தக் கூலி முறையைப் பற்றியது. 1834இல் ஆங்கிலேயக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை முடிவுக்கு வந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. இந்தியாவிலிருந்து கூலிகள் கப்பலேறினர். 1860 நவம்பர் 16ஆம் நாள் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள்.

அவர்களைப் பற்றி எஞ்சியிருப்பவை கப்பற் பட்டியல்கள். எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலின் அடையாளத் தழும்பு. ஆவண வினாவின் முறைப்படி பார்த்தால், கூற்று எழுத்தருடையது. கேட்போர் அரசும் தோட்டக்காரரும். பயன், ஆள் ஓடிப்போனால் அடையாளம் காண்பது. பெயர்கள் எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் சிதைந்து கிடக்கின்றன.

இன்னோர் ஆவணமும் உண்டு. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற பெண்களை எண்ணிப் பாரதியார் பாடிய பாடல். அதை ஆவணமாக வைத்தால் நல்ல மாணவர் என்ன எழுதுவார்? பாடியவர் பிஜிக்குச் சென்றவர் அல்லர்; கேட்போர் தாயகத்துத் தமிழர்; காலம், ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்க வேண்டும் என்ற குரல் இந்தியாவில் ஓங்கிய காலம்; பயன், இங்கிருப்போர் நெஞ்சைச் சுடுவது. ஆகவே தோட்டத்தில் என்ன நடந்தது என்பதற்கு அது நேர்ச்சான்று ஆகாது. அந்தச் செய்தி கடல் கடந்து வந்து ஒரு கவிஞரை என்ன செய்தது என்பதற்கு அதைவிட மேலான சான்று இல்லை. இப்படி எழுதுவது பாரதியாரைக் குறைத்ததாகாது. பாடலைப் பாடலாகவே படித்ததாகும்.

பட்டியலும் பாட்டும் கையில் இருக்க, அந்த மாணவர் கடைசியாக எழுத வேண்டிய வரி ஒன்று மீதி இருக்கும். கூடுதலாக வேண்டிய ஆவணம்: எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் நடுவில், எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துத் தன் தாய்க்குச் சொல்லி எழுதச் செய்த கடிதம்.