மாத்திரை வாசலுக்கு வருது, பெரியவங்க வாசலைத் தாண்டணும்!

(வார்டு இளைஞர்கள் கூட்டத்தில் நம் ஐ.டி. விங் தம்பி பேசியதன் எழுத்து வடிவம்)



தேர்தல் அன்னிக்கு நடக்க முடியாத தாத்தா எந்த வீட்ல இருக்காரு, பாட்டி எந்த மாடியில இருக்காங்கன்னு நம்ம பூத் கமிட்டிக்கு அத்துப்படி. ஆட்டோ வெச்சு கூட்டிட்டு வர்றோம். மத்த நாள்ல அவங்க எப்படி நடமாடுறாங்க?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்காகக் கால் கடுக்க வரிசையில் நின்றவர்களுக்கு இன்று வீட்டுக்கே மாத்திரை வருகிறது. 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. இது எல்லாருக்கும் தெரியும்.

ஆனா அதே திட்டத்துல பிசியோதெரபியும் வீடு தேடி வரும்ங்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கவாதம் வந்தவர், மூட்டுவலியில் முடங்கியவர், எல்லாருக்கும் அது தேவை.

வயசானவங்க சுதந்திரம் பெரிய விஷயத்துல இல்லைங்க. தானா எழுந்து பாத்ரூம் போறது, டீக்கடை வரை நடக்கிறது, அதுலதான் இருக்கு. ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா, எல்லாத்துக்கும் அடுத்தவர் கையை எதிர்பார்க்கணும்.

65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் 150 நிமிடமாவது நடக்க வேண்டும். வாரத்தில் 3 நாள் தசைக்கு வலு தரும், தடுமாறாமல் நிற்க உதவும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிம் எல்லாம் வேணாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது போதும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிக்கலாம்.

தனியா செய்யச் சொன்னா 2 நாள்ல விட்டுடுவாங்க. நாலு பேர் சேர்ந்தா பேச்சும் சிரிப்புமா தொடரும். ஒருத்தர் வரலைன்னா, "என்னாச்சு?"ன்னு வீட்டுக்கே ஆள் போகும். அந்த விசாரிப்பே பாதி மருந்து.

நம்ம வேலை இதுதான்:

✅ மருந்தோ பிசியோதெரபியோ தேவைப்படும் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு சுகாதாரத் தன்னார்வலரிடம் சொல்லுங்கள்.

✅ பூங்காவோ பள்ளி மைதானமோ, காலையில் அரை மணி நேரம் ஒன்றுசேருங்கள். கட்சி, சாதி, மதம் எதுவும் பார்க்காதீங்க.

✅ பாத்ரூமில் ஒரு கைப்பிடி, போகிற வழியில் ஒரு இரவு விளக்கு. உங்க வீட்ல இருந்தே தொடங்குங்க.

✅ முதியோர் உதவி எண் 14567. தெருவில் எல்லார் போன்லயும் பதிஞ்சு கொடுங்க.

அடுத்த தேர்தலுக்கு அந்தத் தாத்தா நம்ம ஆட்டோவுக்குக் காத்திருக்கக் கூடாது. தானா நடந்து வந்து, யாருக்கு வேணும்னாலும் ஓட்டுப் போடட்டும். அதுதான் நமக்கு வெற்றி!